ரேஸ் குதிரைப் பயிற்சியாளர் ஆவது எப்படி: லாயத்து வாசலிலிருந்து லைசென்ஸ் வரை, அதற்கு அப்புறமும்

"குதிரைக்கு ஓடக் கத்துக் கொடுக்கிறதுதானே உங்க வேலை?" கல்யாண வீடுகளில் இந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதாவது டிப்ஸ் உண்டா?" இரண்டுக்கும் ஒரே பதில், இல்லை. குதிரைக்குட்டி பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும், சீக்கிரமே தாய்க்குப் பின்னால் ஓடவும் ஆரம்பித்துவிடும். ஓடுவதற்கு அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு ஓடலாம், எந்த வேகத்தில் ஓடலாம், முக்கியமாக எந்த நாள் ஓடவே கூடாது என்று முடிவு செய்வதுதான் பயிற்சியாளரின் வேலை. கடைசியில் சொன்னதைக் கற்றுக்கொள்ளத்தான் பத்து வருடம் ஆகிறது.

நான் லைசென்ஸ் வாங்கியவன் இல்லை. சில வருடம் ஒரு லாயத்தில் உதவியாளாக இருந்தவன். இது இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்காக எழுதியது. இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ விதிகள் வேறு. கால்களும் குளம்புகளும் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் களம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

இங்கே பந்தயம் நடத்துவதும் பயிற்சியாளருக்கு லைசென்ஸ் தருவதும் அரசுத் துறை இல்லை, டர்ஃப் கிளப்கள். மும்பை, புனே இரண்டையும் வைத்திருக்கும் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப், கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை என்று ஐந்து கிளப்களின் விதிகள்தான் நாடு முழுக்கச் செல்லும். ஓடுபவை எல்லாம் தரோபிரெட் இனக் குதிரைகள். தாய் யார், தகப்பன் யார் என்பது புனேயில் இருக்கும் ஸ்டட் புக் பதிவேட்டில் இல்லாவிட்டால் அந்தக் குதிரைக்குப் பந்தயத்தில் இடம் கிடையாது.

கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடியிருக்கின்றன. 1974இல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல்தான் குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பு வந்தது. குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருகின்றன என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று. பயிற்சியாளர் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் யாரும் தரப்போவதில்லை.

ஆனால் தொழில் தேர்வு என்று வரும்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு இதையும் படியுங்கள். 2024இல் ஊட்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் 99 வருடக் குத்தகையை ரத்து செய்தது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. மும்பை மகாலட்சுமி மைதானத்தின் பெரும்பகுதியும் அந்த ஆண்டே மாநகராட்சி கைக்கு மாறியது. பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் என்று 2023 அக்டோபரில் வந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் 40 சதவீதம் ஆனது. பந்தயம் கட்டுபவர்கள் குறைந்தால் பரிசுத் தொகை குறையும், பரிசுத் தொகை குறைந்தால் குதிரை வாங்குபவர்கள் குறைவார்கள். ஆகவே சென்னையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருப்பவர்களுக்கே இது சரிப்படும்.

உள்ளே நுழைய நாலு வாசல்

பயிற்சியாளர் குடும்பத்தில் பிறப்பது முதல் வாசல். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

இரண்டாவது, ஜாக்கியாக இருந்துவிட்டு வருவது. நாட்டின் பெரிய பந்தயமான இந்தியன் டர்பியை எட்டு முறை வென்ற ஜாக்கி பெஸி ஷ்ராஃப் பிறகு பயிற்சியாளராகி அங்கேயும் உச்சிக்குப் போனார். குதிரை மேல் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது மூச்சு வாங்கும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது கால்நடை மருத்துவம். 1903இல் தொடங்கி இப்போது சென்னை வேப்பேரியில் இருக்கும் கல்லூரியில் படித்தவர்கள் பந்தய உலகில் மருத்துவர்களாகப் போகிறார்கள், அதில் சிலருக்கு லாயத்து ஆசை தொற்றிக்கொள்கிறது. ராணுவத்தில் குதிரைப் பிரிவுகளில் இருந்துவிட்டு வருபவர்களையும் இதிலேயே சேர்க்கலாம்.

நாலாவது வாசல்தான் எங்களைப் போன்றவர்களுக்கு: யாராவது ஒரு பயிற்சியாளரிடம் போய், சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் வேலை கேட்பது. வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். "ரேஸுக்குப் போனவன் குடும்பம் உருப்பட்டதா?" என்று கேட்கும் ஊர் நம்முடையது. ரேஸில் பணம் கட்டுபவனுக்கும் அங்கே வேலை பார்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை என் மாமாவுக்கு நான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு வருடம்: காலும் தொட்டியும்

லாயத்தில் வேலை காலை நாலு, நாலரைக்கே தொடங்கிவிடும். சென்னை வெயிலில் வேறு வழி இல்லை. குதிரையைப் பராமரிப்பவரைச் சைஸ் என்பார்கள். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று குதிரை. பல சைஸ்களுக்கு இது பரம்பரைத் தொழில். அவர்கள் குதிரையின் வாலைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்வார்கள். அவர்களிடம் மாணவனாகப் போய் நில்லுங்கள். மேலாளர் மாதிரி நடந்துகொண்டால் ஒரு வருடம் ஆனாலும் ஒன்றும் கிடைக்காது.

முதலில் கற்க வேண்டியது கால். தினமும் காலையில் குதிரையை வெளியே எடுப்பதற்கு முன்னால் நாலு கால்களையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குனிந்து, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் தசைநாரைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, மேலிருந்து கீழே மெதுவாக வழித்துக்கொண்டு வர வேண்டும். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதை என்று அநேகமாக எதுவும் கிடையாது. தோல், நார், எலும்பு, அவ்வளவுதான். ஐந்நூறு கிலோ உடம்பு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மொத்தப் பாரமும் அந்த நாரில்தான் விழுகிறது. ஆரோக்கியமான நார் இறுக்கி முறுக்கிய கயிறு மாதிரி, குளிர்ச்சியாக இருக்கும். எங்கேயாவது ஒரு விரல்கடை அளவுக்குச் சூடு தெரிந்தாலோ, அழுத்தும்போது குதிரை காலைச் சற்றே இழுத்துக்கொண்டாலோ, அன்றைய வேலை நின்றது என்று அர்த்தம்.

இதை நான் கற்ற விதம் நல்ல விதம் இல்லை. ஒரு நாலு வயதுப் பெண் குதிரை. ரேஸுக்கு இரண்டு நாள் இருந்தது. இடது முன்னங்காலில் லேசாகச் சூடு இருப்பது போலத் தோன்றியது. மறுபடி தொட்டேன், இல்லாதது போலவும் தோன்றியது. வலது காலைத் தொட்டு ஒப்பிட்டேன், குழப்பம்தான் அதிகமானது. பேசாமல் இருந்துவிட்டேன். அது ஓடியது, மூன்றாவதாக வந்தது, எல்லோரும் கை கொடுத்தார்கள். மறுநாள் காலை அந்தக் காலின் பின்பக்கம் வில் போல வளைந்து வீங்கியிருந்தது. நார் கிழிந்தால் ஆறக் கிட்டத்தட்ட ஒரு வருடம். அந்தக் குதிரை திரும்ப ஓடவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்ட வயதான பாய் என்னைத் திட்டவில்லை. "சந்தேகமா இருந்துச்சுன்னா சொல்லிடணும் தம்பி. தப்பாப் போனா திட்டுதானே, வாங்கிக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது பாடம் தீவனத் தொட்டி. குதிரைக்கு வயிறு சிறியது, வாந்தி எடுக்கவும் முடியாது. ஒரே நேரத்தில் கொட்டினால் சூலை என்ற கடும் வயிற்றுவலி வரும், சூலை வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே நாளைக்கு மூன்று நாலு தடவையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஓட்ஸ், பார்லி, தவிடு, காய்ந்த புல், பச்சைக்குக் குதிரைமசால். பேரிலேயே குதிரை இருப்பதைப் பார்த்து, இது நம் ஊருக்குப் புதிதில்லை என்று புரிந்துகொள்ளலாம். கொள்ளையும் சில லாயங்களில் இன்னும் ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல், சமைத்த சோறும் இறைச்சியும் போட்டு, பெரும்பாலானவற்றைச் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இறைச்சிக் கதையை நம்புவதா என்று தெரியவில்லை. குதிரைகள் செத்ததை நம்பலாம்.

தினசரி எழுத வேண்டிய எண்கள் சில உண்டு. காலை வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பது. ஓட்டத்தின் உச்சத்தில் அதே இதயம் 220ஐத் தாண்டும். வேலை முடிந்து எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதில்தான் குதிரை தயாரா இல்லையா என்பது தெரியும். கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில குதிரைகளுக்குப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுவிடும். ஓடிவிட்டு வரும்போது உடம்பு காய்ந்துபோய், மூக்கு மட்டும் விரிந்து விரிந்து அடங்கும். அப்படிப்பட்ட குதிரையைப் பெங்களூரு மாதிரிக் குளிர்ந்த ஊருக்கு அனுப்புவதுதான் பலன் தருகிற வைத்தியம்.

உதவிப் பயிற்சியாளர், பிறகு லைசென்ஸ்

கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொண்டதும் கையில் காகிதங்கள் வந்து சேரும். எந்த ரேஸில் எந்தக் குதிரையைச் சேர்ப்பது, எப்போது விலக்குவது, எந்த ஜாக்கி, என்ன எடை எல்லாமே கெடு தேதிகளோடு கட்டப்பட்டிருக்கும். ஒரு நிமிடம் தாமதமானால் இரண்டு மாத உழைப்பு வீண். குதிரைகளைத் தேர்ந்தெடுக்கும் கண் இருந்தும் இந்தக் காகித வேலையில் தடுமாறி வெளியேறியவர்கள் உண்டு.

லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தால் பந்தய விதிகளைக் கண்காணிக்கும் கிளப் அதிகாரிகளான ஸ்டீவர்டுகள் முன்னால் நேர்காணல் நடக்கும். விதிப்புத்தகம், குதிரை மருத்துவத்தின் அடிப்படைகள், உங்கள் நடத்தை, கடன் நிலவரம் எல்லாவற்றையும் கேட்பார்கள். பல இடங்களில் ஏ, பி என்று இரண்டு தர லைசென்ஸ் இருக்கிறது, புதியவர் கீழ்த் தரத்தில் தொடங்குவார். ஆனால் அவர்கள் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றுதான்: உங்களிடம் குதிரை கொடுக்க யாராவது இருக்கிறார்களா? ஓனர் இல்லாத பயிற்சியாளருக்கு லாயத்து அறை ஒதுக்குவது வீண். ஆகவே உதவியாளராக இருக்கும்போதே நாலைந்து ஓனர்களின் நம்பிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குருவின் ஓனர்களைத் திருடிக்கொண்டு போகாதீர்கள். ரேஸ் உலகம் சின்னது, இருபது வருடம் கழித்தும் பேசுவார்கள்.

குதிரை வாங்குவது

மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு வாங்கிக் கொடுத்ததாகச் சொன்ன குதிரைகள் ராத்திரியோடு ராத்திரியாக நரிகளாகிப்போன கதை எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் குட்டி வாங்கிய ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒரு தடவையாவது அந்தப் பாண்டியனாக இருந்தவர்தான்.

புனே வட்டாரம், பஞ்சாப், ஹரியானா, கர்நாடகத்தின் குணிகல் என்று வளர்ப்புப் பண்ணைகள் பரவிக்கிடக்கின்றன. அங்கே போனால் வம்சாவளிக் காகிதத்தைக் கையில் கொடுப்பார்கள். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு முதலில் குட்டியை நடக்கவிட்டுப் பாருங்கள். நேராக உங்களை நோக்கி, பிறகு விலகி. முன்னங்கால்கள் உள்ளே திரும்புகிறதா, முழங்கால் பின்னால் வளைந்திருக்கிறதா, பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா? நடையில் தாராளம் இருந்தால் பாதி வென்றது மாதிரி. கண்ணையும் காதையும் பாருங்கள். அப்புறம் காகிதத்தை எடுங்கள்.

இரண்டு வயதுக் குட்டி ரேஸ் குதிரை ஆவது

இந்தியாவில் எந்தத் தேதியில் பிறந்தாலும் குதிரைக்கு ஜனவரி 1தான் பிறந்தநாள். அதனால் காகிதத்தில் இரண்டு வயது ஆன குட்டி உடம்பளவில் சில மாதம் பின்தங்கியிருக்கலாம். அவசரக்காரர்கள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று பழமொழி சொல்வது சும்மா இல்லை. முதல் வாரம் வெறும் இரும்பை வாயில் பழக்குவதிலேயே போகும். பிறகு சேணம், அதன் பாரம், வயிற்றுப் பட்டையின் இறுக்கம். பிறகு முதுகில் குறுக்காகப் படுக்கும் ஒரு ஆள். அவர் நிமிர்ந்து உட்காரும் நாளில் லாயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கப்புறம் வாரக்கணக்கில் நடை, மெதுவான துள்ளல் ஓட்டம்.

வேகம் கடைசியில்தான் வரும். எலும்பு, பாரம் ஏற ஏறத்தான் கெட்டியாகும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் முன்னங்காலின் முன்பக்க எலும்பு வீங்கி வலிக்க ஆரம்பிக்கும். இளம் குதிரைகளில் இது சர்வசாதாரணம். முழங்கால் எலும்பின் வளரும் முனைகள் மூடிவிட்டனவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டே வேகத்தைக் கூட்டுவது நல்லது. புறப்படும் இரும்புக் கேட்டுக்குள் போய் அமைதியாக நிற்கவும் தனியாகப் பழக்க வேண்டும். திறமையான குதிரைகள் சில அந்தக் கேட்டுக்குப் பயந்தே தோற்கின்றன.

செய்தித்தாளில் "1000 மீட்டர் 1 நிமிடம் 8 விநாடி, 600 மீட்டர் 38, எளிதாக" என்று வரும் காலைப் பயிற்சிக் குறிப்புகளை ரேஸ் ரசிகர்கள் வேதம் போலப் படிப்பார்கள். பயிற்சியாளர் அதில் பார்ப்பது கடைசிச் சொல்லை மட்டுமே. எளிதாக வந்த 38 வேறு, சாட்டையோடு வந்த 38 வேறு. ஸ்டாப்வாட்ச் எல்லோரிடமும் இருக்கிறது. திரும்பி வரும் குதிரையின் காது எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பார்க்கும் கண் சிலரிடம்தான் இருக்கிறது.

எந்த ரேஸ்?

ஒவ்வொரு குதிரைக்கும் கிளப் ஒரு தர எண் கொடுக்கும். வென்றால் ஏறும், தொடர்ந்து தோற்றால் இறங்கும். ஹேண்டிகேப் ரேஸில் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கணக்கு, சிறந்த குதிரை அதிக எடை சுமந்து ஓடும். உங்கள் குதிரையின் உண்மையான பலத்துக்கும் அதன் எண்ணுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டின் மூளை.

சபலமும் இங்கேதான். எண் இறங்கட்டும் என்று பிடித்து ஓட்டச் சொல்வது, அப்புறம் அதன் மேல் பணம் கட்டினால் பெரிய தொகை கிடைக்கும் நாளில் அவிழ்த்துவிடுவது. ஒவ்வொரு ரேஸையும் பல கோணங்களில் படம் பிடிக்கிறார்கள், ஸ்டீவர்டுகள் கூப்பிட்டு விசாரிப்பார்கள், லைசென்ஸ் போகும். ஊக்கமருந்து விஷயத்தில் விதி இன்னும் கறார். குதிரையின் சிறுநீரில் தடை செய்யப்பட்ட பொருள் வந்தால், யார் கொடுத்தது என்று தெரியாவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர்தான். வெளியார் கொடுத்த மருந்து எண்ணெய்யைக்கூட எழுதிவைக்காமல் லாயத்துக்குள் விடாதீர்கள்.

ரேஸ் நாள் இதற்கெல்லாம் பக்கத்தில் சின்ன விஷயம். எடை குறைவான அலுமினிய லாடம், சேணம் கட்டுவது, ஜாக்கிக்கு இரண்டு வரியில் சொல்வது. பத்து வரி சொல்கிற பயிற்சியாளரைப் பார்த்தால் ஜாக்கிகள் தலையாட்டிவிட்டு ஒன்றையும் கேட்காமல் போவார்கள்.

பணமும் ஓனரும்

குதிரைக்கு மாதம் இவ்வளவு என்று ஓனர் தரும் பயிற்சிக் கட்டணம்தான் அடிப்படை வருமானம். தீவனம், சைஸ் சம்பளம், லாடம் எல்லாம் இதில் போய்விடும். கையில் நிற்பது பரிசுத் தொகையில் வரும் பங்கு, வழக்கமாக 10 சதவீத அளவில். பத்துக் குதிரை வைத்திருக்கும் புதுப் பயிற்சியாளருக்கு வென்றால்தான் வீட்டு வாடகை. இரண்டு ஓனர் மூன்று மாதம் பணம் தராவிட்டாலும் குதிரை பட்டினி கிடக்க முடியாது, நீங்கள்தான் போட வேண்டும். தொடக்கத்தில் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள் என்பது என் கட்டாயமான ஆலோசனை.

தொற்றுநோய்ப் பயமும் உண்டு. கிளாண்டர்ஸ் என்ற நோய் ஒரு குதிரைக்கு வந்தாலே மொத்த ரேஸ்கோர்ஸின் போக்குவரத்தும் நிற்கும், அது மனிதருக்கும் தொற்றும். ஊர் விட்டு ஊர் குதிரை ஏற்றும்போது ரத்தப் பரிசோதனைச் சான்றிதழைச் சரிபார்க்காமல் லாரியில் ஏற்றாதீர்கள்.

ஓனரிடம் பேசுவது தனிக் கலை. டர்பி நாளுக்கு அவர் மும்பையில் ஹோட்டல் அறை போட்டிருப்பார், சொந்தக்காரர்கள் இருபது பேரைக் கூப்பிட்டிருப்பார். வெள்ளிக்கிழமை காலை நீங்கள் போன் பண்ணி, குதிரை தொட்டியில் கால்வாசித் தீவனத்தை மிச்சம் வைத்திருக்கிறது, அதனால் ஓட விட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஜுரம் இல்லை, கால் சூடு இல்லை, மருத்துவர் ஒன்றும் இல்லை என்கிறார். மிச்சம் வைத்த அந்தக் கால்வாசி மட்டும்தான் உங்கள் ஆதாரம். "கால்வாசிதானே?" என்று அவர் கேட்பார்.